முரகாமி ஓவியத்தைப் பார்ப்பது எப்படி: ஒரு பிரிண்டிங்காரனின் யோசனைகள்

ஜப்பானிய ஓவியர் தகாஷி முரகாமியின் ஓவியம் எதிரே மாட்டியிருந்தால் நேராகப் போய் அதன் முன் நிற்காதீர்கள். சுவரை ஒட்டினாற்போல ஓரமாக நின்று, பக்கவாட்டில் பாருங்கள். கூரை விளக்கின் வெளிச்சம் படத்தின் மேல் சரிந்து விழுகிற கோணம் கிடைக்கும்வரை தலையை முன்னே பின்னே நகர்த்துங்கள். ஒரு இடத்தில் வெளிச்சம் சரியாகப் பிடிக்கும். அப்போது வழவழவென்று தெரிந்த பரப்பில் சன்னமான விளிம்புகள் எழும்பி வரும். எந்த நிறம் முதலில் விழுந்தது, எது அதன் மேல் ஏறியது என்று படமே சொல்லிவிடும்.

இப்படிப் பார்ப்பது எனக்குத் தொழில் பழக்கம். திருப்பூரில் பல வருஷம் பனியன் பிரிண்டிங் பட்டறை நடத்தியவன் நான். ஸ்கிரீன் (மை இறங்கும் வலைச்சட்டம்), ஸ்குவீஜி (மையை இழுக்கும் ரப்பர் கட்டை), மை, ரெஜிஸ்டர் (நிறங்களை இடம் பிசகாமல் பொருத்துவது), இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கலை. மகள் டோக்கியோவில் வேலை பார்ப்பதால் போகிற போதெல்லாம் அருங்காட்சியகங்களுக்கு இழுத்துக்கொண்டு போவாள். மற்ற ஓவியர்கள் முன்னால் வாய் மூடி நிற்பேன். முரகாமி முன்னால் மட்டும் எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது, ஏனென்றால் அவர் ஸ்கிரீன் போடுகிற ஆள்.

சுருக்கமாக அறிமுகம். 1962இல் டோக்கியோவில் பிறந்தவர். அனிமேஷன் துறைக்குப் போக ஆசைப்பட்டு, கடைசியில் உவேனோவில் இருக்கும் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் நிஹோங்கா என்கிற ஜப்பானிய மரபோவியம் படித்தார். 1993இல் அதிலேயே முனைவர் பட்டம். நிஹோங்காவின் சாமான்கள் வேறு: கல்லைப் பொடித்த நிறங்கள், மிருகத் தோல் எலும்பிலிருந்து காய்ச்சிய பசை, சிப்பியை அரைத்த வெள்ளை, பட்டு, கைத்தாள், தங்க ரேக்கு. முரகாமி ரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டார். அக்ரிலிக், கம்ப்யூட்டர், ஸ்கிரீன் என்று போய்விட்டார். ஆனால் படத்தைக் கட்டுகிற முறை மட்டும் பழையதுதான். சிரிக்கிற பூவும் பல்லைக் காட்டும் பொம்மையும் கண்ணைப் பறிப்பதால் அந்தக் கட்டுமானம் பலருக்குத் தெரியாமல் போகிறது. அதைப் பார்ப்பது எப்படி என்றுதான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு பழைய மடிப்புத்திரை

முரகாமி கண்காட்சிக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒரு பழைய மடிப்புத்திரையைப் பார்த்துவிடுங்கள். ஒன்றே ஒன்று போதும். டோக்கியோவில் இருந்தால் உவேனோ பூங்காவில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஏப்ரல், மே பக்கம் போனால் அவோயாமாவில் நெசு அருங்காட்சியகம். அங்கே ஒகாட்டா கோரின் வரைந்த ஐரிஸ் பூத்திரையைப் பெரும்பாலும் வருஷத்தில் அந்தப் பருவத்தில்தான் வெளியே எடுப்பார்கள். தேசியப் பொக்கிஷம் என்று பட்டியலிட்ட திரைகள் வருஷத்தில் சில வாரங்கள்தான் வெளிச்சத்துக்கு வரும். அதனால் போவதற்கு முன் அந்தந்த அருங்காட்சியகத்தின் அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

திரையின் முன்னால் வந்ததும் வலது கோடியிலிருந்து தொடங்குங்கள். ஜப்பானியத் திரையும் சுருளும் வலமிருந்து இடமாக ஓடும். நாம் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் போய் நின்றால் கதையை முடிவிலிருந்து படித்தது போல ஆகிவிடும். அப்புறம் கொஞ்சம் குனியுங்கள். இவை பாயில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்காக வரைந்தவை. முழங்காலை மடக்கி உயரத்தைக் குறைத்ததுமே படம் நம்மை உள்ளே இழுக்கும். காவலாளி ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

கோரினுடைய ஐரிஸ் திரையில் பார்க்க வேண்டியது பூவை அல்ல, தங்கத்தை. தண்ணீர் இல்லை, கரை இல்லை, வானம் இல்லை. பூவும் இலையும் தங்கத்தின் மேல் நேரடியாக நிற்கின்றன. பூக்கொத்துகள் சிலவற்றில் ஒரே வடிவம் திரும்ப வருவதைக் கவனியுங்கள். அச்சுத் தகடு போல ஒரு மாதிரியை வைத்துத் திரும்பத் திரும்ப இட்டிருக்கலாம் என்று பேசப்படுகிற இடம் இது. சுமார் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ரிபீட் டிசைன்! எங்கள் பட்டறைப் பாஷையில் சொன்னால் இதுவும் ஒரு ஸ்கிரீன்தான். தங்கத்தில் கட்டம் கட்டமாக லேசான கோடு தெரியும். சிறு சதுர ரேக்குகளை ஓரம் ஏற்றி ஏற்றி ஒட்டியதால் விழுந்த தையல் அது. இந்தக் கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முரகாமியின் தங்கப் பின்னணியிலும் பிளாட்டினப் பின்னணியிலும் இதையே பார்ப்பீர்கள்.

நேரம் இருந்தால் தென்னோசு பக்கம் இருக்கும் பிக்மென்ட் டோக்கியோ என்கிற கடைக்கும் போய் வாருங்கள். சுவர் முழுக்கக் கண்ணாடிப் புட்டிகளில் நிறப்பொடி. ஒரே நீலக்கல்லை மெல்லியதாகப் பொடிக்கப் பொடிக்க நிறம் வெளுத்துக்கொண்டே போகும். கரகரப்பான பொடியில் அடர்நீலம், மாவாக அரைத்தால் வான்நீலம். முரகாமி எதைக் கைவிட்டார் என்பது அந்தச் சுவரைப் பார்த்தால்தான் உறைக்கும்.

தூரத்திலிருந்து: கண் எங்கே ஓடுகிறது

சரி, இப்போது முரகாமி. பக்கவாட்டுப் பார்வை முடிந்ததும் பின்னால் போங்கள், அறை விடுகிற அளவுக்குப் பின்னால். அங்கிருந்து ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: என் கண் எங்கே நுழைந்தது, எந்த வழியாக ஓடியது, எங்கே வெளியே போனது?

முரகாமி 2000இல் முன்வைத்த சூப்பர்ஃப்ளாட் என்கிற கருத்தின் நடுநாடி இதுதான். மேற்கத்திய ஓவியத்தில் கண் ஆழத்துக்குள் போகும், தொலைவில் ஒரு புள்ளியில் எல்லாம் சேரும். ஜப்பானிய மரபில் கண் பரப்பின் மேலேயே வழுக்கி ஓடும் என்கிறார் அவர். இதற்கு அவர் சேர்த்து வைத்துக் காட்டிய இருவரைப் பார்த்தால் சுவாரசியம். ஒருவர் கனாடா யோஷினோரி, 1979இல் வந்த கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999 அனிமேஷன் படத்தில் கிரகம் வெடிக்கிற காட்சியை வரைந்தவர். இன்னொருவர் 17ஆம் நூற்றாண்டின் கானோ சான்செட்சு. இவர் 1646இல் வரைந்த கிழட்டு பிளம் மரம் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கியோட்டோ கோயில் ஒன்றின் நான்கு நகர்த்தும் கதவுகளில் அந்த மரம் மேலே போய், சடாரென்று மடங்கி, கீழே விழுந்து, மறுபடி எழும்பும். எந்த மரமும் அப்படி வளராது. மரத்துக்காக வளைத்த கிளை இல்லை அது, நம் கண்ணுக்காக வளைத்தது. கனாடாவின் வெடிப்பும் அப்படித்தான் என்கிறார் முரகாமி. நெருப்பு அங்கே நெருப்பாக இல்லை, கண்ணை இழுத்துப்போகிற கோடாக இருக்கிறது.

சான்செட்சு போன்ற பழைய விசித்திர ஓவியர்களை ஒரே வரிசையில் நிறுத்தியவர் கலை வரலாற்றாசிரியர் ட்சுஜி நோபுவோ, 1970இல் எழுதிய ஒரு நூலில். அதில் ஆறு பேர்: இவாசா மதாபெய், கானோ சான்செட்சு, இதோ ஜக்குச்சு, சோகா ஷோஹாகு, நாகசாவா ரோசெட்சு, உதாகாவா குனியோஷி. இந்த ஆறு பெயரைக் குறித்து வைத்துக்கொண்டால் முரகாமிக்கு முக்கால்வாசிச் சாவி கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

விரலால் காற்றில் கோடு போட்டுப் பாருங்கள். முரகாமியின் பெரிய படங்களில் கண்ணுக்கு உட்கார இடமே கிடைக்காது. மேகம் தள்ளும், பொம்மையின் காது இழுக்கும், ஒழுகுகிற நிறம் கீழே கொண்டுபோகும். அப்படி ஓடாமல் கண் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டால், என் கணக்கில் அது அவருடைய சுமாரான படம். அவையும் இருக்கின்றன, கூச்சப்படாமல் தாண்டிப் போங்கள்.

கிட்டத்தில்: கோடும் நிறமும்

இனி என் பிரதேசம். படத்துக்கு அனுமதித்த தூரத்தின் எல்லையில் போய் நில்லுங்கள். ஜப்பானில் அருங்காட்சியகத்துக்கு வருகிற பலர் கையில் ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்று இருக்கும். கட்டைவிரல் பருமனில், நான்கு அல்லது ஆறு மடங்கு பெரிதாக்கும். வாங்குகிறவர்கள் எவ்வளவு பெரிதாக்குகிறது என்று மட்டும் பார்க்காமல், கைக்கெட்டும் தூரத்திலும் ஃபோகஸ் ஆகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அவர் பட்டறையில் வேலை நடக்கிற முறையைத் தெரிந்துகொண்டால் எதைத் தேடுவது என்று புரியும். முரகாமி கையால் ஸ்கெட்ச் போடுவார். அதை ஸ்கேன் செய்து இல்லஸ்ட்ரேட்டர் என்கிற கம்ப்யூட்டர் மென்பொருளில் கோடு கோடாக டிரேஸ் எடுப்பார்கள். நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, அவர் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பி, மறுபடி திருத்தி, கடைசியில் கலர் செபரேஷன், அதாவது நிறங்களைத் தனித்தனியாகப் பிரிப்பது. அதன்பின் நிறத்துக்கு நிறம் ஸ்கிரீன். மை இழுத்து, காயவைத்து, தேய்த்து, மறுபடி இழுப்பார்கள். கையால் நிறைக்கிற இடங்களும் உண்டு. பனியனில் எட்டு கலர் என்று பார்ட்டி கேட்டாலே நாங்கள் கணக்குப் போட்டுவிட்டுத்தான் தலையாட்டுவோம். இங்கே ஒரு படத்தில் வருகிற ஸ்கிரீன்களை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது கோடும் நிறமும் சந்திக்கிற இடம். ரெஜிஸ்டர் மயிரிழை விலகினாலும் இரண்டுக்கும் நடுவில் வெள்ளைப் பிளவு விழும். அதை மறைக்கத்தான் நாங்கள் வெளிர்நிறத்தைக் கருப்புக் கோட்டுக்கு அடியில் கொஞ்சம் நுழைய விடுவோம். கோடு தடிமனாக இருந்தால் வேலை சுலபம், எல்லா விலகலையும் கோடு விழுங்கிவிடும். முரகாமியின் பூக்களில் கோடு எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். ஒளிந்துகொள்ள இடமே வைக்காத கோடு. அப்படிப்பட்ட கோட்டை இத்தனை நிறத்துக்கு நடுவில் பிடித்து நிறுத்துவதன் கஷ்டம் தெரிந்தவன் அந்தப் படத்தை 'சின்னப்பிள்ளைத்தனம்' என்று சொல்ல மாட்டான்.

அடுத்து, கோட்டின் தடிமன் மாறுகிற இடங்கள். பொம்மையின் கன்னம் வளைகிற இடத்திலும் கண் இமையின் ஓரத்திலும் கோடு ஊதிப் பின் கூர்மையாகும். கம்ப்யூட்டரில் இழுத்த கோடுதான். இருந்தாலும் தூரிகையை அழுத்தித் தூக்குகிற கையின் ஞாபகம் அதில் இருக்கிறது. நிஹோங்கா படித்த வருஷங்கள் எங்கே போயின என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுகிற இடம் இது.

மூன்றாவது, தட்டையாகத் தெரிகிற நிறம். ஒரு சாந்தமான பின்னணியை எடுத்து அதையே பொறுமையாகப் பாருங்கள். 1996இல் வரைந்த '727' என்கிற மூன்று பலகை ஓவியம் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பின்னணியில் அடுக்கடுக்காக நிறம் பூசி, தேய்த்து, அடியில் இருக்கும் நிறத்தை அங்கங்கே எட்டிப் பார்க்க வைத்திருக்கிறார். பழைய சுவர் போல, வயசான திரை போல ஒரு தேய்மானம். புத்தம்புது பொம்மை ஒன்றை இப்படி வேண்டுமென்றே பழசாக்கிய பின்னணியில் மிதக்க விட்டிருப்பதுதான் அந்தப் படத்தின் ஆட்டமே.

பூக்களைப் பற்றி ஒரு வார்த்தை

முரகாமி என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது வட்ட முகமும் திறந்த வாயும் பெரும்பாலும் 12 இதழும் கொண்ட சிரிக்கும் பூ. சாவிக்கொத்திலும் மெத்தையிலும் பார்த்துப் பார்த்து எனக்கும் சலித்துவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் அதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் மரியாதை வரும். கலைப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிற மாணவர்களுக்குப் பூ வரையச் சொல்லிக்கொடுத்துத்தான் அவர் சுமார் 9 வருஷம் பிழைத்தார். இரண்டு நாளைக்கு ஒருமுறை பூ வாங்கி வந்து அடுக்கி வைத்து மாணவர்களை வரையவிடுவார். பூ வாசனையே குமட்டுகிற அளவுக்குப் போய், அதோடு ஒரு அழகும் தெரிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அதனால் பூக்கூட்டத்தில் முழு முகம் காட்டி நிற்பவற்றை விட்டுவிட்டு, பாதி திரும்பிய பூவைத் தேடுங்கள். பின்பக்கம் காட்டுகிற பூ, இன்னொன்றின் அடியில் நசுங்கிய பூ, எங்காவது அழுகிற பூ. அங்கே இதழ்கள் எப்படிச் சுருங்கி மடிகின்றன என்று பார்த்தால், சொல்லிக்கொடுத்த வாத்தியார் தெரிவார். வரிசையாக ஒரே மாதிரி முகம் நிறைந்த பூப்படங்கள் கடைக்கானவை. ஒன்றைப் பார்த்தால் போதும்.

முன்னோரைத் தேடுவது

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஒவ்வொரு பெரிய படத்துக்கும் ஒரு பழைய தாத்தா உண்டு. போனில் தாத்தாவின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேரனைப் பாருங்கள்.

'727'இல் மிஸ்டர் டாப் என்கிற பொம்மை வருகிறது. காதுகளில் டி, பி எழுத்துகள், முகமே ஓ. அது ஏறி வருகிற சுழலைப் பலர் பழைய அச்சோவியர் ஹொகுசாயின் புகழ்பெற்ற அலை என்று பார்க்கிறார்கள். நீங்கள் 12ஆம் நூற்றாண்டின் ஷிகிசான் எங்கி சுருளையும் ஒரு தடவை பாருங்கள். நோயுற்ற மன்னரைக் குணப்படுத்தப் புறப்பட்ட காவல்தேவன், வாள்களை ஆடையாக உடுத்தி, முன்னால் சக்கரம் உருள, மேகத்தின் மேல் வானில் பாய்ந்து வருகிறான். அவனுக்குப் பின்னால் நீளும் மேகவாலைப் பார்த்ததும் '727' வேறு படமாகிவிடும். பெயர் எங்கிருந்து வந்தது என்றால், ஷிங்கான்சென் அதிவேக ரயிலிலிருந்து வயல் நடுவே தெரியும் அழகுசாதன விளம்பரப் பலகையிலிருந்து. காவல்தேவனும் விளம்பரப் பலகையும் ஒரே படத்தில். அவர் மூளை வேலை செய்கிற விதம் இது.

கியோட்டோ நகர கியோசெரா கலை அருங்காட்சியகத்தில் 2024 பிப்ரவரி 3 முதல் செப்டம்பர் 1 வரை நடந்த அவருடைய கண்காட்சியில் இந்தத் தாத்தா-பேரன் விளையாட்டு முழு வீச்சில் இருந்தது. நுழைந்ததும் சுமார் 13 மீட்டர் நீளத்தில் கியோட்டோ நகரம் விரிந்து கிடந்தது. மூலம் இவாசா மதாபெய் வரைந்த நகரத்திரை, இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷமாக இருக்கிறது. அதில் தெருக்களில் ஆடுகிறவர், சண்டை போடுகிறவர், கடைக்காரர், பிச்சைக்காரர் என்று 2,500 பேருக்கு மேல் நெரிசலாக இருப்பார்கள். இதைப் பார்க்கிற வழி: முதலில் தங்க மேகத்தை மட்டும் பாருங்கள், மனிதர்களை அல்ல. பழைய திரையில் மேகம் இரண்டு வேலை செய்கிறது. வேண்டாத இடத்தை மூடுகிறது, தள்ளித்தள்ளி இருக்கும் இடங்களை ஒட்டவைக்கிறது. நடந்துபோக ஒரு மணி நேரம் ஆகிற இரண்டு கோயில்கள் நடுவே ஒரு மேகத்தை வைத்தால் பக்கத்துப் பக்கத்து வீடாகிவிடும்.

முரகாமியின் திரையில் அதே மேகங்கள். பக்கவாட்டுக்குப் போய்ச் சரிந்த வெளிச்சத்தில் பார்த்தால் தங்கத்துக்குள் மண்டையோடுகள் புடைத்து நிற்கும். நேராக நின்று பார்க்கிறவர்களில் பாதிப்பேர் கவனிக்காமல் கடந்து போனதை நான் பார்த்தேன். எங்கள் தொழிலில் நிறம் இல்லாமல் வெறும் புடைப்பை மட்டும் இழுக்கிற வேலை உண்டு. துணியைத் தடவினால் தெரியும், பார்த்தால் தெரியாது. இங்கே தடவ விடமாட்டார்கள், அதனால் வெளிச்சத்தால்தான் தடவ வேண்டும். மண்டையோட்டைப் பார்த்தபின் கீழே ஆடிப்பாடுகிற கூட்டத்தைப் பாருங்கள். அந்தக் கூட்டத்துக்குள் முரகாமியின் குட்டிப் பொம்மைகளும் ஒளிந்திருக்கும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் அவர்கள் உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள்.

காற்றுத்தேவன், இடித்தேவன் ஜோடியை ஒப்பிடுவது தொடங்குகிறவர்களுக்குச் சுலபம். 17ஆம் நூற்றாண்டில் தவராயா சோதாட்சு வரைந்தது கியோட்டோவின் கென்னின்ஜி கோயிலுக்குச் சொந்தம், கோயிலில் நகலைப் பார்க்கலாம். அதை ஒகாட்டா கோரின் நகலெடுத்தார். கோரினுடையதை சகாய் ஹோயிட்சு நகலெடுத்தார். ஒருவர் மற்றவரிடம் நேரில் படித்ததில்லை, இடையில் தலைமுறைகள். சோதாட்சுவின் இடித்தேவன் சுற்றியிருக்கும் முரசுகள் திரையின் மேல் விளிம்பில் வெட்டுப்பட்டு வெளியே போகும். கோரின் அவற்றை உள்ளே அடக்கிவிட்டார், படம் ஒழுங்கானது, வேகம் குறைந்தது. இந்த வரிசையில் இப்போது முரகாமி. அவருடைய தேவர்களிடம் தசைக்கட்டும் இல்லை, மிரட்டலும் இல்லை. மெலிந்துபோய் ஏதோ கடமைக்கு இடி இடிப்பவர்கள் மாதிரி இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நகலெடுப்பது அந்த மரபில் குறையல்ல, வரிசையில் சேருவது. அதனால் "காப்பியடித்துவிட்டார்" என்கிற குற்றச்சாட்டை இந்தப் படத்தின் முன் வைக்காதீர்கள்.

கானோ கசுனோபு டோக்கியோவின் சோஜோஜி கோயிலுக்காக 100 சுருள்களில் வரைந்த ஐந்நூறு அருகதர்கள் (ஞானம் பெற்ற பௌத்தத் துறவிகள்) இன்னொரு தாத்தா. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு முரகாமி அதே பொருளை 3 மீட்டர் உயரம், 100 மீட்டர் நீளத்தில் வரைந்தார். உதவிக்கரம் நீட்டிய கத்தாருக்கு நன்றியாக 2012இல் தோஹாவில்தான் அது முதலில் காட்சிக்கு வந்தது. 2015 அக்டோபர் கடைசியிலிருந்து ரோப்போங்கியின் மோரி கலை அருங்காட்சியகத்தில் இருந்தது. போதிதருமரையும் பல படங்களில் வரைந்திருக்கிறார். நம்மில் பலர் காஞ்சிபுரத்துக்காரர் என்று சொந்தம் கொண்டாடுகிற அதே போதிதருமர்தான், ஜப்பானில் தருமா.

"அவரே வரைந்தாரா?"

கூட வருகிறவர் யாராவது கட்டாயம் கேட்பார். பெரும்பாலும் இல்லை, நூற்றுக்கணக்கான கைகள். ஐந்நூறு அருகதர் வேலையில் 200க்கும் மேற்பட்ட மாணவர்கள் சேர்ந்தார்கள். சைதாமா மாகாணத்தின் மியோஷியில் அவருடைய கைகாய் கிகி நிறுவனத்தின் பட்டறை இருக்கிறது. பழைய கானோ ஓவியர் குடும்பமும் பட்டறை வைத்துத்தான் கோட்டைகளையும் கோயில்களையும் நிரப்பியது.

ஆனால் இந்தக் கேள்விக்கு முரகாமியே ஒரு வேடிக்கையான பதில் வைத்திருக்கிறார். பேராசிரியர் ட்சுஜி அவரிடம், ஒரு தடவையாவது நீயே வரையக்கூடாதா என்று கேட்டாராம். எரிச்சலில் முரகாமி 2010இல் 18 மீட்டர் நீளத்துக்குச் சிவப்பில் மேகங்களுக்கு நடுவே ஒரு டிராகன் வரைந்து, அந்தக் கேள்வியையும் தன் எரிச்சலையும் படத்தின் தலைப்பிலேயே சேர்த்துவிட்டார். தாத்தா யார் என்றால் சோகா ஷோஹாகு 1763இல் வரைந்த டிராகன், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2017இல் அதே அருங்காட்சியகத்தில் ட்சுஜியும் சேர்ந்து நடத்திய கண்காட்சியில் பழையவற்றோடு முரகாமி படங்களையும் பக்கத்தில் மாட்டினார்கள். இரண்டு டிராகன்களின் மூக்குத் துவாரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். முரகாமி அங்கே சுழல்களாக விரித்துக்கொண்டே போகிறார். பட்டறையின் துல்லியம் இல்லை, ஒழுகல் இருக்கிறது, அவசரம் இருக்கிறது. எனக்கு மற்ற படங்களைவிட இதுதான் பிடிக்கும். தொழில்காரன் இப்படிச் சொல்லக்கூடாதுதான்.

வீட்டில் ஒரு பயிற்சி

பார்த்தது கையில் இறங்க வேண்டுமானால் வரைந்து பார்க்க வேண்டும். முரகாமியின் பூவை நகலெடுக்க வேண்டாம், அதில் கற்க அதிகம் இல்லை. காற்றுத்தேவன், இடித்தேவன் மாதிரி ஒரு ஜோடித்திரையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஏ4 தாள்களை நெட்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்களுக்குப் பழக்கமான ஏதாவது இரண்டு பொம்மைகளை, நீங்களே உருவாக்கியவையாக இருந்தால் நல்லது, வலது தாளின் வலக்கோடியில் ஒன்று, இடது தாளின் இடக்கோடியில் ஒன்று என்று பென்சிலில் போடுங்கள். நடுவை முழுக்கக் காலியாக விடுங்கள். கை அரிக்கும், எதையாவது நிரப்பத் தோன்றும், விட்டுவிடுங்கள். பொம்மையின் ஏதாவது ஒரு பாகம், காதோ வாலோ, மேல் விளிம்புக்கு வெளியே போகட்டும். பிறகு ஒரு முறை எல்லாவற்றையும் உள்ளே அடக்கி வேறு தாளில் வரைந்து இரண்டையும் சுவரில் ஒட்டிப் பாருங்கள். சோதாட்சுவுக்கும் கோரினுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் சமையலறைச் சுவரிலேயே தெரியும்.

பிடித்ததைத் தேர்ந்து, டிரேசிங் பேப்பர் போட்டுச் சுத்தமான கோடாக எடுங்கள். 0.3 பேனா போதும், தடிமனான பேனா உங்கள் தடுமாற்றத்தை மறைத்துவிடும். நிறம் மூன்று அல்லது நான்குக்கு மேல் வேண்டாம். போஸ்டர் கலரைத் தயிர்ப் பதத்துக்குக் கரைத்து, ஒரு பூச்சு, நன்றாகக் காயவிட்டு எதிர்த்திசையில் இன்னொரு பூச்சு. தூரிகைத் தடம் தெரிந்தால் நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு மூன்றாவது பூச்சு போடுங்கள். தாள் பிய்யாமல் இருக்கக் கெட்டி அட்டையில் ஒட்டிவிட்டுச் செய்வது நல்லது. பின்னணிக்கு ரேக்கு வாங்கப் போக வேண்டாம், தங்க நிறக் காகிதத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி ஓரம் ஏற்றி ஒட்டுங்கள். கோடு கடைசியில்தான். நிறம் முழுக்கக் காய்ந்தபின் கோட்டை மறுபடி அதன் மேல் எடுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்காவது வெள்ளைப் பிளவு தெரிந்தால் நிறத்தை இன்னும் கொஞ்சம் கோட்டுக்கு அடியில் நுழைய விட்டிருக்க வேண்டும். அடுத்த தாளில் விட்டுவிடலாம்.